ஸ்டெல்லா அக்கா வீட்டு ஒயின்

23 டிசம்பர் 1991, திங்கள்

ஆபீஸ் முடிந்து, கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சையில் இரண்டு ஜாடி ஒயின் போட்டிருக்கிறார். விருந்துக்கு எதை வைக்கலாம் என்று என்னைக் குடித்துப் பார்க்கச் சொன்னார். பழைய ஜாடி துவர்த்தது. புதியது இனிப்பாக, நுரைத்து நாக்கில் சுருக்கென்றது. அதைக் காட்டினேன்.

"அது இன்னும் அடங்கவே இல்லடி. பரவால்ல, உனக்காக அதையே வைக்கிறேன்."

வீட்டில் அம்மா, தினமும் அப்பாவை முகர்வதுபோல, என்னை முகர்ந்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒயின் என்றேன்.

சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டாள்.

"இனிப்பா இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"உங்கப்பாகிட்ட சொல்லிடாத. இங்கயும் ஜாடி வைன்னுவாரு."

இருவரும் சிரித்தோம். அப்பா இன்னும் வரவில்லை.