வலது கையில் இரண்டு இஞ்ச்

அன்புள்ள பென்சிலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அக்கா வீட்டாரும் நலம். நீயும் நலமாக இருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்றால் கோட்டும் கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அதன் உள்பாக்கெட்டில்தான் வைத்திருக்கிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா கையை நீட்டிவிடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், காலையில் பன்னிரண்டு முட்டை என்று நீ சொன்னால் அவ்வளவுதானா என்கிறாள், அதற்குள் நான் சொல்ல வந்தது எங்கோ போய்விடுகிறது. எழுதினால் யாரும் பிடுங்க முடியாது.

முதலில் வீட்டுச் சேதி. அக்கா மகளிடம் பள்ளிக்கூடத்தில் உன் மாமா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு லாரி இழுக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். ஓட்டுகிறாரா என்று டீச்சர் திருத்தியிருக்கிறார். இல்லை, கயிறு கட்டி இழுக்கிறார் என்று இவள் அடித்துச் சொல்ல, மறுநாள் அந்த அம்மாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் ஏதும் கஷ்டமா என்று விசாரித்திருக்கிறார். அக்கா உன் வீடியோவைக் காட்டினாளாம். பார்த்துவிட்டு, கஷ்டம்தான் என்று சொன்னாராம். பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் உன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அதைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்களாம், முடிதான் என் பொறுப்பு, கழுத்துக்கு நான் என்ன செய்ய முடியும் என்று அனுப்பிவிட்டாராம். தெருவில் இன்னும் எல்லாரும் உன்னைப் பென்சில் என்றுதான் சொல்கிறார்கள். ஏழு வயதில் பதினெட்டு இஞ்ச் இடுப்புக்கு நான் அரைக்கால் சட்டை தைத்ததும், அது நிற்காமல் வார் போட்டுக் கொடுத்ததும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது நூற்றைம்பது கிலோ. பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நீ இந்தத் தொழிலுக்கு வந்ததில் எனக்குப் பங்கு ஒன்றும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். என் பழைய மிஷினை, இரும்புக் கால் வைத்தது, மாடிக்கு ஏற்ற இரண்டு ஆட்களை வரச் சொல்லியிருந்தேன். அவர்கள் வருவதற்குள் பதினாறு வயதில் நீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் போய் நின்றாய். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள், நான் படியில் விழுந்த பாபினைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு மார்க்கெட் மைதானத்தில் உன் முதல் போட்டி, லாரி இழுப்பது, நான் தைத்த பேண்ட். லாரி நகர்வதற்கு முன்னால் பேண்ட் கிழிந்தது. அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முதல் பரிசு வாங்கினாய். மறுநாள் கடைக்கு வந்தவர்களில் ஒருத்தர்கூடப் பரிசைப் பற்றிக் கேட்கவில்லை, யார் தைத்தது என்றுதான் கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. ஒரு வாரம் யோசித்து, நான்கு தையலும் வந்து சேருகிற அந்த இடத்தில் ஒரு சதுரத் துணியைச் சாய்த்து வைத்துத் தைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம், மூன்று பட்டம், ஒரு தையல் விட்டதில்லை. வெற்றியின் ரகசியம் என்ன என்று பேப்பர்காரர்கள் கேட்கும்போதெல்லாம் தூக்கம், சாப்பாடு, உழைப்பு என்கிறாய். சதுரத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, நான் எதிர்பார்க்கவில்லை.

தூக்குகிற குணம் உனக்கு அம்மா வழியில்தான் வந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி லிப்டில் ஜனங்களை ஏற்றி இறக்குகிறாள். எட்டு பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ என்று அதில் எழுதி ஒட்டியிருக்கிறதல்லவா, உன் போட்டிகளையும் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறாள். நீ நானூறு கிலோ தூக்கினால் நாங்கள் கை தட்டுவோம், அவள் ஆறு பேர், இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கு என்பாள்.

இனி கோட்டு விஷயம். நான்காவது பட்டத்துக்கான போட்டிக்கு முந்தின நாள் விருந்து, பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டு வர வேண்டும், கடையில் என் அளவு கிடைக்காது என்று எழுதினாய். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். துணிக்கடையில் எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொன்னதும் சோபாவுக்கா என்று கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்க நேரமில்லை. தன் அளவைத் தானே எடுக்கக் கூடாது என்பது என் கடையில் விதி, தானே எடுத்தால் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் வேறு யாராவது எடுக்கட்டும் என்றேன். உன்னோடு பயிற்சி செய்கிற மீசைக்காரர் எடுத்து எழுதிய சீட்டை அனுப்பினாய். நல்ல மனிதர், வரிசையாக, ஊதா மையில், ஒரு அளவு விடாமல் எழுதியிருந்தார். இடது கைச் சுற்று இருபத்தொன்று. வலது கைச் சுற்று பத்தொன்பது. அந்தப் பத்தொன்பது மட்டும் அடிக்கப்பட்டு, பக்கத்தில் கறுப்பு மையில் இருபத்தொன்று. அந்த ஒன்று உன்னுடைய ஒன்று, இரண்டாம் வகுப்பிலிருந்து அதற்குத் தொப்பி வைத்துத்தான் எழுதுகிறாய்.

முப்பத்தைந்து வருடம் டேப் பிடித்தவனுக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. டேப்பைத் தலைகீழாகப் பிடித்தால் இருபதுக்கு இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் இருப்பதாக வாசிப்பார்கள், தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. பாவம், மீசைக்காரரும் அப்படித்தான் மாற்றி எழுதிவிட்டார், என் பிள்ளை தையல்காரன் பிள்ளை, கண்டுபிடித்துத் திருத்திவிட்டான் என்று பெருமைப்பட்டேன். இரண்டு கைக்கும் இருபத்தொன்று என்றே வெட்டினேன். ஓட்டுத் தையல் போட்டு வலது கையை மிஷினில் வைக்கும்போதுதான், மற்ற பதினாறு அளவையும் சரியாக எடுத்தவர் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் டேப்பைத் திருப்பிப் பிடிக்கப் போகிறார் என்று தோன்றியது. மிஷினை நிறுத்திவிட்டு மூன்றாவது பட்டம் வாங்கிய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடைசி உருண்டைக் கல்லை மேடையில் ஏற்றுகிறாய், கத்துகிறாய், எல்லாரும் சந்தோஷத்தில் கத்துகிறார்கள். கோப்பையை இடது கையால் வாங்குகிறாய். பென்சில் பிடித்த நாளிலிருந்து நீ எதையும் இடது கையால் வாங்கியதில்லை. அன்றிலிருந்து நான்கு மாதமாகக் கேமரா கெட்டுவிட்டது என்று குரலில் மட்டும் பேசுகிறாய். என் காதில் நன்றாகத்தான் பூச்சுற்றியிருக்கிறாய். அன்றைக்கு முழுக்க எனக்குக் கை ஓடவில்லை, ஒரு பட்டன்கூட வைக்கவில்லை.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. எலும்பு டாக்டர் ஒருத்தர் என்னிடம் பேண்ட் தைத்துக்கொள்பவர், அளவு எடுக்கும்போது ஒரு கஸ்டமருக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன். கைத் தசைநார் அறுந்திருக்கும், ஆபரேஷன் செய்து அதை ஒட்டிவிட்டிருந்தாலும் சதை இப்படித்தான் வற்றும் என்றார். அந்தக் கஸ்டமர் என்ன வேலை செய்றார் என்று கேட்டார். சாமான் தூக்குற வேலை என்றேன். ஒரு வருஷம் தூக்கக் கூடாது, அவசரப்பட்டுத் தூக்கி மறுபடி அறுந்தா அப்புறம் அந்தக் கையால டீ டம்ளர்கூடத் தூக்க முடியாது என்று சொல்லுங்க என்றார். சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது வாசலில் நின்று, பையன் நல்லா இருக்கானா என்று கேட்டார். நல்லா இருக்கான் என்றேன். நீ பொய் சொல்வது எந்த வழியில் வந்தது என்று தெரிந்துகொள்.

எங்கள் தொழிலில் மறைப்பது பெரிய காரியம் இல்லை. இந்த ஊர் பேங்க் மேனேஜருக்கு ஒரு தோள் இறக்கம், அவர் மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூன்றாம் பேருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் பஞ்சு வைத்திருக்கிறேன். உன் வலது கைக்கும் பஞ்சு வைத்தால் விருந்தில் ஒருத்தர் கண்ணிலும் படாது, எனக்கு அரை மணி நேர வேலை. கையில் எடுத்தேன், பிறகு வைக்கவில்லை. மேனேஜர் பஞ்சை நம்பி மூட்டை தூக்கப் போவதில்லை. நீ போவாய். அதனால் நீ எழுதியபடி வெட்டினேன், மீசைக்காரர் எழுதியபடி தைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார், வலது கை உனக்குச் சரியாக உட்காரும். உட்கார்ந்தால் நான் சொல்வது உண்மை.

இப்போது உன் அம்மா சமாச்சாரம். தைத்து முடித்து, வலது கைக்குள் மிஞ்சி நின்ற துணியை வெட்டி எறியக் கத்திரிக்கோலை எடுத்தேன், உள்ளே அவ்வளவு துணி விட்டால் வேலை அசிங்கமாக இருக்கும். உன் அம்மா டூட்டி முடிந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், அதை வெட்டாதீங்க என்றாள். எதை என்றேன். வலது கைத் துணியை, கை திரும்பி வந்துடும், அப்ப வேணும் என்றாள். கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். நான் ஒரு மாதமாக அவளிடம் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் நான்கு மாதமாக என்னிடம் மறைத்திருக்கிறாள். கோப்பையை நீ வாங்கிய அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். இருபத்தாறு வருஷமா கையை உடைச்சுக்கிட்டு வர்றவங்களைத்தானே மாடிக்கு ஏத்துறேன், எனக்குத் தெரியாதா, உங்களுக்குத் தூக்கம் கெட்டுப்போகும்னுதான் சொல்லலை என்றாள். அப்படியென்றால் போனில் தினமும் சாப்பாட்டை மட்டும் ஏன் கேட்கிறாய் என்றேன். வேற எதைக் கேட்டாலும் பொய் சொல்வான், சாப்பாட்டுல மட்டும்தான் பொய் சொல்ல மாட்டான் என்றாள். சொல்லிவிட்டு மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. துணியில் படாமல் பார்த்துக்கொண்டோம்.

போட்டிக்குப் போகாதே என்று பெரிய எழுத்தில் எழுதலாம் என்று இருந்தேன். அப்படி எழுதினால் போவான் என்று உன் அம்மா சொன்னாள். அவள் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். லிப்ட்ல பாரம் கூடிப்போனா மணி அடிக்கும். கடைசியா ஏறினவர் இறங்கணும். யாருக்கும் இறங்க மனசு வராது, எல்லாரும் கூரையைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. லிப்ட் ரிப்பேர்னு சண்டை போடுவாங்க. மணி அடிக்காம இருந்தாத்தான் ரிப்பேர். இறங்கினவங்களை நான் ஒரு நாளும் விட்டுட்டுப் போனதில்லை, அடுத்த நடை கீழ வந்து அவங்களைத்தான் முதல்ல ஏத்துவேன். இவ்வளவுதான் அவள் சொன்னது. உனக்கு மணி அடித்து நான்கு மாதமாகிறது. இந்த நடை நீ இறங்கிக்கொள். நான்காவது பட்டம் அங்கேயேதான் இருக்கும், அதற்குக் கால் கிடையாது. மூன்று பட்டத்துக்கும் நாங்கள் பட்ட சந்தோஷம் ஒன்றும் குறையவில்லை, ஆனால் நீ ஊருக்கு வந்து இறங்கும்போது உன் பெட்டியை உன் வலது கையால் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பது எங்களுக்கு அதைவிடப் பெரிய பட்டம். கூச்சமாக இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மிஞ்சிய துணி உள்ளேயே இருக்கிறது, இரண்டு பக்கமும் மடித்து, கண்ணுக்குத் தெரியாமல் கையால் தைத்திருக்கிறேன். அங்கே எந்த டெய்லரிடமும் அதைப் பிரிக்கக் கொடுக்காதே. கை வளர்ந்ததும் கோட்டை எடுத்துக்கொண்டு வா, அளவு நான் எடுக்கிறேன், நான் பிரித்துவிடுகிறேன். மீசைக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல், பொய் எழுதத் தெரியாத மனிதர், அவர் சகவாசத்தை விடாதே.

உனக்கு எல்லா நலமும் நீண்ட ஆயுளும் கிடைக்க நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். கடிதம் கண்டதும் போன் செய், அம்மாதான் எடுப்பாள், சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு மற்றதையும் நீயே சொல்லிவிடு. ஒரே ஒரு ஞாபகம். விருந்துக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு போ, மறுநாள் போட்டி நடக்கும்போதும் அதையே போட்டுக்கொண்டு ஜனங்களோடு உட்கார். கோட்டோடு சேர்த்துத் தைத்து அனுப்பியிருக்கிற பேண்ட்டில் சதுரத் துணி வைக்கவில்லை. உட்காரலாம், நிற்கலாம், மெதுவாகக் கை தட்டலாம். குனிந்து எதையாவது தூக்கினாய் என்றால் அத்தனை பேர் முன்னாலும் கிழியும். யார் தைத்தது என்று கேட்பார்கள். மறுபடியும் என் மானத்தை வாங்காதே.

இப்படிக்கு,
உன் இரண்டு கை அளவும் தெரிந்த
அப்பா

(அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டாள். முட்டையைக் குறைக்க வேண்டாம் என்கிறாள்.)