வரிசையில் உன் வாளி

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அதை நான் மதிப்பதில்லை. உன் கடிதம் கிடைத்தது. தெருக்குழாயை எடுத்ததிலிருந்து அம்மா போனில் சரியாகப் பேசுவதில்லை, வீட்டைப் பூட்டிவிட்டு அவளை இங்கே அனுப்பிவையுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருக்கிறாய். நான் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்! உன் அம்மாவைத் தவிர.

முதலில் தெரு நிலவரம். சிமென்ட் ரோடு, மூடி போட்ட சாக்கடை, இருட்டில் ஊசி விழுந்தாலும் எடுக்கிற அளவுக்கு விளக்கு. எல்லாம் இந்த மாமன் போட்ட போடு. நகராட்சித் தலைவரின் மேஜையைத் தட்டி, வீட்டுக்கு வீடு குழாய் தராமல் நகரமாட்டேன் என்று நின்றேன். மனிதர் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்துவிட்டார். மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டது என்று எதிர்வீட்டு டெய்லரம்மா சொல்லுவாள். முதல் கையெழுத்து யாருடையது என்று அவளையே கேள்.

குழாய் வந்தது. அடுப்படியில் திருகினால் அருவி. பிறகு ஆட்கள் வந்து முக்கில் இருந்த தெருக்குழாயைப் பிடுங்கி, மேடையை உடைத்து, அந்த இடத்தில் சிமென்ட் பெஞ்சு போட்டார்கள். அதுவும் என் யோசனைதான்.

அந்தக் குழாயடி உனக்கு மறந்திருக்காது. தண்ணீர் திறப்பதற்கு முன்பே ஆளுக்குப் பதிலாகப் பாத்திரம் நிற்கும். பாத்திரத்தை நகர்த்தினால் ஆளையே பிடித்துத் தள்ளிய மாதிரி. நீ பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் உன் அம்மா தன் குடத்துக்குப் பின்னால் உன் நீல வாளியை வைத்துவிடுவாள், விளிம்பு உடைந்ததை. "எங்க மகாராணி? வாளி மட்டுந்தான் வந்திருக்கு?" என்று டெய்லரம்மா நொடிப்பாள். "என் பொண்ணு வர்ற வரைக்கும் வாளிதான்டி என் பொண்ணு. கை வச்சுப் பாரு!" என்று உன் அம்மா எகிறுவாள். சற்று நேரத்தில் இரண்டு பேரும் ஒரே அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போவார்கள். அந்தச் சண்டைகளுக்கெல்லாம் நீதிபதி நான்தான். தீர்ப்பை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. உன் அம்மாவும் பேச்சைக் குறைத்துவிட்டாள். என்னக்கா என்றால், "தண்ணி வருதுடா, வேறென்ன" என்பாள். நானும் பயந்துதான் போனேன். உன்னிடம் அனுப்புவதே சரி என்று, பெட்டியை இறக்கப் பரணில் ஏறினேன். பெட்டிக்கு முன்னால் கிடந்த பழைய சாமான்களை வாசலில் தள்ளினேன். அதில் உன் வாளியும் போய்விட்டது.

முன்பெல்லாம் குப்பை வண்டி நினைத்தால் வரும். நான் போட்ட புகார்களுக்குப் பிறகு கண்மூடித் திறப்பதற்குள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். உன் அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். "டேய்! என் பொண்ணு வாளி எங்கடா?"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சாத்திய கதவெல்லாம் திறந்தது. நான் பந்தயக் குதிரை மாதிரி பறந்தேன். பறக்கிற வண்டியைப் பாய்ந்து மறித்தேன். "ஐயா, வண்டி நின்னுட்டுதானே இருக்கு, எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க?" என்றார் டிரைவர். அவருக்கு ரசனை போதாது.

வாளியை வாங்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குள் போகவில்லை. நேரே பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் வைத்துக்கொண்டாள். டெய்லரம்மா வந்தாள். "என்ன, மகாராணி இன்னிக்கும் வரலையா?" உன் அம்மா சிரித்தாள். இரண்டு பேரும் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. எனக்கும் தூசி விழுந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் பெஞ்சின் மேல் உன் அம்மாவின் குடம், அடுத்து உன் வாளி, அதற்குப் பின் டெய்லரம்மாவின் தவலை. எல்லாம் காலி. இப்போது தினமும் தெருவே கூடுகிறது. ரோட்டைப் பார்க்க வந்த நகராட்சி இன்ஜினியர் திகைத்துப்போய், "அம்மா, இங்க குழாயை எடுத்தாச்சே, எதுக்கு வரிசை?" என்றார். "தண்ணி வீட்ல வருது தம்பி. இது எங்க வரிசை. ஓரமா நில்லுங்க, வாளியை இடிச்சிடப் போறீங்க" என்றாள் உன் அம்மா.

ஆகவே பெட்டியைப் பரணிலேயே ஏற்றிவிட்டேன். டிக்கெட் போடாதே. அவளை நான் அனுப்பமாட்டேன், கோபித்துக்கொள்.

உன்னை வரச் சொல்லி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்றுப் புதிதாகக் குடிவந்த பெண் வாளியை நகர்த்திவிட்டு உட்காரப் போனாள். "அது என் பொண்ணு இடம்மா, இந்தப் பக்கம் வா" என்றாள் உன் அம்மா. அவ்வளவுதான்.

நகராட்சியில் நான் சொன்னால் ரோடு வரும், விளக்கு வரும். உன்னை வரவழைக்க மட்டும் அங்கே எனக்குச் செல்வாக்கு இல்லை. வாளியும் எத்தனை நாள்தான் உனக்காக நிற்கும்?

நீயும் உன் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மனுவின் முதல் கையெழுத்துக்காரனான
உன் மாமன்