திரையில் விழாத காடு

1988 ஆகஸ்ட், வியாழன். விடாத மழை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு பகுதியையும் காடு என்போம். பூச்சி மருந்தடித்த காட்டில் அன்று கொழுந்து பறிக்கக் கூடாது. எந்தெந்தக் காடு என்று ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக் காலையில் சொல்வது கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, என்ற முறையில் என் வேலை. மருந்தடித்த காடுகளின் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் திரையில் காட்டும் புரோகிராமும் நான் எழுதியதுதான்.

மத்தியானம் முனியாண்டி கங்காணி மூச்சிரைக்க வந்தார். "கிராணி, ஆத்தோரக் காட்டுல மருந்து வாடை அடிக்குது. பொம்பளைங்க காலையிலேருந்து அங்கதான் பறிக்கிறாங்க. நீங்கதானே போலாம்னீங்க?"

திரையில் அந்தக் காடு இல்லை. அடியில் 'அடுத்த பக்கம்' என்று நான் போட்ட வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அது இருந்த இடத்தில் ஆற்றோரக் காடு நின்றது. அந்த வரிக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பக்கத்துக்கு ஒரு காடு அதனடியில் மறைந்திருக்கிறது.

பக்கத்துக்கு இத்தனை காடு என்ற எண்ணில் ஒன்றைக் குறைத்தேன், சரியாகிவிட்டது. பெண்களைக் கீழே இறக்கிக் கைகால் கழுவ வைத்தார்கள். தோட்ட மேனேஜர் துரையிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் புரோகிராம் போன மாதமே ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போதெல்லாம் எந்தக் காடுகள் மறைந்தன?

என் மனைவி செல்வியும் கொழுந்துக்குத்தான் போகிறாள். சில நாளாகவே, "கை எரியுதுங்க" என்கிறாள். "குளிருதான் லா" என்று நான் சொல்லிவந்தேன்.

இதை எழுதும்போது பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூக்கத்திலும் கையைச் சொறிகிறாள்.