படத்தில் இருக்கிற உன் கை

செட்டிபாளையம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் தனுஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம் என்று எழுதுகிறதுதான் முறை, ஆனால் அந்தச் சொல்லுக்குப் பேனை போகுதில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அந்தக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கு வெள்ளி கண்ணகி அம்மனிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். போன் இருக்க ஏன் அம்மா தாளில் எழுதுகிறா என்று நினைப்பாய். போனில் என் குரலைக் கேட்டதும் நீ அழுகிறாய், நீ அழ நான் அழுகிறேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டதோடு கதை முடிந்துவிடுகிறது. தாளில் எழுதினால் அழுகை வரும்போது பேனையை வைத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்து பிறகு எழுதலாம். உன்னோடு படித்த ஆர்த்திகா ஞாயிற்றுக்கிழமை கனடாவுக்குத் திரும்பிப் போகிறாள், பார்சல் தா மாமி கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். மிளகாய்த்தூள், முந்திரிப்பருப்பு, கொஞ்சம் கருவாடு வைத்திருக்கிறேன், கருவாட்டைப் பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன், மணம் வராது. சுருட்டி ஒரு படமும் வைத்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், வாசித்துவிட்டுப் படத்தை விரி.

உன் தம்பி காய்ச்சல் என்று படுத்து, டெங்கு, நுளம்புக் காய்ச்சல் என்று ஆசுபத்திரியில் சொல்லி, அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வராமலே போனவன், வருகிற மாசியோடு ஒரு வருசம். ஆண்டுத் திவசத்துக்கு எந்தப் படம் வைக்கிறது என்பதுதான் எனக்கு இந்த மாதம் முழுக்க மண்டைக்குள் ஓடினது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அவசரத்தில் அவனுடைய அடையாள அட்டைப் படத்தைத்தானே ஸ்டூடியோவில் கொடுத்தோம், அவர்கள் கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவருடைய கோட்டை வைத்து, டை கட்டி, பின்னால் நீல வானமும் போட்டுத் தந்தார்கள். உன் மாமி ராசா மாதிரி இருக்கான் என்று சொல்லி அழுதா. எனக்கு அவன் பேங்கில் வேலை செய்கிற ஒரு ஆள் போலத்தான் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் திருத்துகிற பிள்ளை, நகத்துக்குள் இருந்து கிறீஸ் போகாத பிள்ளை, அவனுக்குக் கோட் எதற்கு. ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தும்போது யார் வீட்டுப் பிள்ளைக்கோ கொளுத்துகிற மாதிரி இருக்கும். வேறு படம் தேடினால் இல்லை, அவன் எல்லாரையும் எடுப்பான், தான் நிற்க மாட்டான். நீ கனடாவுக்குப் போன அன்று விடிய முற்றத்தில் நின்று எடுத்த அந்த ஒன்றுதான் இருக்கிறது. தம்பி உன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான் என்று பொறுக்காமல், அக்காதான் உயரமாக நிற்க வேண்டும் என்று நீ அவன் தோளில் கையை வைத்து அமத்த, அவன் ஒரு பக்கம் சரிந்து வாய் நிறையச் சிரிக்கிற படம்.

உன்னிடம் அதைச் சொன்னபோது நீ, என்னை வெட்டிவிடுங்கோ அம்மா, தம்பியை மட்டும் எடுங்கோ, செத்த வீட்டுக்கும் வராத எனக்கு அந்தப் படத்தில் என்ன வேலை என்றாய். விசாப் பேப்பர் சரிவராமல் இருக்கிற பிள்ளை எப்படி வருகிறது, அதை நீ இனிமேல் சொல்லாதே மகள். படம் எடிட் பண்ணுகிற ஆப் போனிலேயே எடுக்கலாம், லேசு, நீங்களே செய்யலாம் என்றும் சொன்னாய். உனக்கு லேசு. நான் போனில் படம் வெட்டுகிற ஆப் என்று வாயால் சொல்லித் தேடினேன், வந்தது பார், கடைத்தெரு போல ஒன்றுக்குக் கீழே ஒன்று, எல்லாவற்றுக்கும் நட்சத்திரம், எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரிக்கிறது. எதை எடுக்கிறது என்று தெரியாமல் நட்சத்திரம் கூடினதை எடுத்தேன். படத்தைப் போட்டதும் அது என்னைக் கேட்கவேயில்லை, தம்பியை வெள்ளையாக்கி, நாடியைக் கூராக்கி, உதட்டுக்குச் சிவப்பும் பூசிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்து போனையே கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுத்தது நல்லதுபோல இருந்தது, முழுக்கச் செய்து முடித்த பிறகு தன்னுடைய பெயரை அவன் முகத்துக்குக் குறுக்கே எழுதிவிட்டு, அது போக வேண்டுமென்றால் காசு கட்டு என்றது. இன்னொன்று உன் போனில் உள்ள படம் எல்லாவற்றையும் எனக்குத் திறந்து விடு, ஆட்களின் நம்பரையும் தா என்று கேட்டது, அதற்கு எதற்கு நம்பர், நான் கொடுக்கவில்லை.

காத்தான்குடி றஸீனாவை உனக்குத் தெரியும், முன்னம் துணி மூட்டையோடு வீடு வீடாக வருவாவே, இப்போது மூட்டை இல்லை, சாரியைப் படம் எடுத்துப் போனில் போட்டு விற்கிறா. போன கிழமை தைத்த சட்டை கொண்டு வந்தவ நான் மூக்கைச் சிந்திக்கொண்டு போனும் கையுமாக இருக்கிறதைக் கண்டு, என்னக்கா, மீன் வாங்கப் போன ஆள் நகைக்கடைக்குள்ள ஏறின மாதிரி முழிக்கிறீங்க என்று பக்கத்தில் இருந்தா. நான் போனில் இறக்கி வைத்திருந்த ஆப்பை எல்லாம் பார்த்துச் சிரித்து, இது கலியாணப் பொண்ணுக்குப் போடுறது, இது சின்னப் புள்ளையள் நாய்க் காது வெச்சி விளையாடுறது, உங்களுக்கு என்ன வேணும் எண்டு முதல்ல சொல்லுங்க, மறுகா ஆப்பைப் பார்ப்பம் என்றா. அப்போதுதான் எனக்கே யோசனை வந்தது, என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. விடியற்காலைப் படம், இருட்டாக இருக்கிறது, கொஞ்சம் வெளிச்சம் வேண்டும், ஓரம் வெட்ட வேண்டும், அவன் முகத்தில் ஒரு மயிரைக்கூடத் தொடக் கூடாது, நான் பிழையாக ஏதும் செய்தாலும் முதல் படம் அப்படியே இருக்க வேண்டும் என்றேன். கொம்பியூட்டரில் போடுகிற பெரியது ஒன்று இருக்கிறதாமே என்றும் கேட்டேன். அது படிச்ச ஆக்களுக்கே ரெண்டு வருசம் வேணும், அதுல உள்ள பட்டனை எண்ணி முடிக்கவே உங்களுக்குத் திவசம் வந்திரும் என்றா. பிறகு தான் சாரிக்குப் பாவிக்கிறதையே எனக்கும் போட்டுத் தந்தா. சாரி விக்கிற எனக்கு நிறம் மாறினா ஆக்கள் திருப்பி அனுப்பிருவாங்க, அதால இதைத்தான் வெச்சிருக்கன், இது கேக்காம ஒண்டையும் தொடாது என்றா. நாலைந்து பட்டன்தான். பின்பக்கம் திரும்புகிற அம்புக்குறி ஒன்று இருக்கிறது, எவ்வளவு பிழை விட்டாலும் அதை அமத்த அமத்த ஒவ்வொன்றாகப் பழைய மாதிரி வந்துவிடும். போகும்போது றஸீனா, எங்கட வீட்டுல மௌத்தாப் போன ஆக்கள்ர படம் சுவரில வைக்கிறல்ல அக்கா, எனக்கு எங்கட உம்மாட முகம் இப்ப பாதிதான் ஞாபகம் இரிக்கி என்று சொல்லிவிட்டு, சட்டைக் காசையும் வாங்க மறந்து போனா, பிறகு ஆளனுப்பிக் கொடுத்தேன்.

அப்பா விடிய வலையோடு ஆற்றுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார், வந்தாலும் கதை இல்லை, கோப்பையில் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தோணிப் பக்கம் போய்விடுவார். பகல் முழுக்க இந்த வீட்டில் நானும் அந்தப் படமும்தான். விரலால் பெரிசாக்கிப் பார்ப்பேன், அவன் பல்லைப் பார்ப்பேன், உன் கையில் உள்ள வளையலைப் பார்ப்பேன். உன்னை ஓரத்தால் வெட்டுகிறது லேசாகத்தான் வந்தது, ஒரு கோட்டை இழுத்துவிட்டால் நீ போய்விடுகிறாய். ஆனால் கை போகவில்லை. தம்பி தோளில் உன் கை மட்டும் மணிக்கட்டோடு நின்றது. அதற்குள் உன் மாமி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துவிட்டா. உசிரோட இரிக்கிற புள்ளைட கைக்கு மாலை போடப்போறயா, பொட்டு வைக்கப்போறயா, உனக்கு ஒண்டு போனது காணாதா என்று கேட்டா. அவ கெட்ட மனதோடு கேட்கவில்லை, எனக்குத் தெரியும், ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருக்கிறது நீ ஒருத்தி. படம், மாலை, விளக்கு, இதிலெல்லாம் ஒன்றுமில்லை என்று நீ சொல்லுவாய், படித்த பிள்ளை சொல்லலாம். ஒன்றைக் கொடுத்த தாய்க்கு அப்படி இருக்க முடியாது மகள்.

அதனால் கையை அழித்தேன். அந்த ஆப்பில் அழிக்கிறதுக்கு ஒரு பட்டன் இருக்கிறது, விரலால் தடவினால் தடவின இடத்தை அதுவே நிரப்பிவிடும். உன் விரலை ஒவ்வொன்றாகத் தடவி அழித்தேன், வளையலை அழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அது கெட்டித்தனமாகத்தான் செய்தது, கை இருந்த இடத்தில் அவன் கட்டம்போட்ட சட்டையையே நிரப்பி வைத்தது, ஆர் பார்த்தாலும் பிடிக்க முடியாது. அப்பா குளித்துவிட்டு வந்தவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, போனைத் தூரப் பிடித்துக் கன நேரம் பார்த்தார். பிறகு, இஞ்சேரு, இவன் ஏன் தனியச் சிரிக்கான் என்று கேட்டார். இவன்ட தோள் ஏன் சரிஞ்சி கிடக்கு, அவள் அமத்தினதாலதானே இந்தச் சிரிப்புச் சிரிச்சவன், அவளை எடுத்துப்போட்டா இவனுக்கு என்னத்துக்குச் சிரிப்பு என்றார். ஒரு வருசத்தில் உன் அப்பா இவ்வளவு சொற்கள் சேர்த்துச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு அங்கேயே நிலத்தில் இருந்து அழுதார், நானும் பக்கத்தில் இருந்தேன். உண்மையாகத்தான் மகள், மறுபடி பார்த்தபோது எனக்கும் பயமாக இருந்தது, முற்றத்தில் ஒருவரும் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்று வாய் நிறையச் சிரிக்கிற பிள்ளை. அந்த அம்புக்குறியை அமத்தினேன். வளையல் வந்தது, விரல் வந்தது, நீ முழுக்க வந்தாய்.

பிறகுதான் யோசித்தேன். மாலை போட்டால்தானே குற்றம், போடாமல் விட்டால் என்ன. ஐயரிடம் போய்க் கேட்டேன், திவசத்துக்குப் படம் வேண்டியதில்லை, விளக்கும் கும்பமும் போதும், முந்தி ஆருக்குப் படம் இருந்தது என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் திவசத்துக்கு விளக்குத்தான். கோட் போட்ட படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நீயும் தம்பியும் நிற்கிற படத்தைப் பெரிசாக எடுத்து, சாப்பிடுகிற இடத்துக்கு நேரே இருக்கிற சுவரில் மாட்டியிருக்கிறோம், அப்பாதான் ஆணி அடித்தார். மாலை இல்லை, பொட்டு இல்லை, ஊதுபத்தி இல்லை, வீட்டில் பிள்ளைகளின் படம் மாட்டுகிறதுபோல மாட்டியிருக்கிறது. மாமிக்குக் கோபம், திவசத்துக்கு வரமாட்டன் என்று சொல்லியிருக்கிறா, விடிய முதல் ஆளாக வந்து தேங்காய் திருவுவா, அதை விடு. நான் செய்த எடிட் எல்லாம் வெளிச்சத்தைக் கூட்டினது, பிறகு பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என்னுடைய உள்பாவாடையை அழித்தது, அவ்வளவுதான். அதே படம்தான் உனக்கும் வருகிறது. நீயும் அதற்கு முன்னால் விளக்கு வைக்காதே, பூ வைக்காதே, சும்மா மாட்டு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. இந்த வேலை பழகின பிறகு என் கண் கெட்டுப்போய்விட்டது, ஆர் படம் அனுப்பினாலும் எங்கே தொட்டிருக்கிறது என்று பார்க்கிறேன். நீ முகம் காட்டிக் கதைத்துக் கன காலம், நெட் சரியில்லை என்று சொல்லிப் படம்தான் அனுப்புகிறாய். மார்கழியில் உன் பிறந்தநாளுக்கு அனுப்பினதை நேற்றுப் பெரிசாக்கிப் பார்த்தேன். சின்ன வயதில் அம்மாள் கொப்பளம் போட்டு உன் நெற்றியில் விட்ட தழும்பு இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கமும் இல்லை. ஆப்பில் கன்னத்துக்குச் சதையைக் கூட்டினால் பக்கத்தில் நிற்கிறதையும் அது இழுத்துவிடும், நான் பழகும்போது கண்டது, உன் கன்னத்துக்குப் பக்கத்தில் கதவு நிலை வில்லுப்போல வளைந்து நிற்கிறது மகள். எவ்வளவு மெலிந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இருக்கத்தானே இதைச் செய்தாய். ஆற்றில் பகல் முழுக்க நிற்கிற அப்பாவின் முகமும் என் முகமும் இப்போது எப்படி இருக்கிறது என்று நினைக்கிறாய், நாங்கள் உனக்கு மறைக்கவில்லையே. தம்பியை நான் ஆசுபத்திரியில் எந்த நிலையில் பார்த்தேனோ அதைப் பார்த்த கண் இது, இனி எதையும் பார்க்கும். பார்சல் கிடைத்த அன்றைக்கே உன் முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. தலை சீவி இழுக்க வேண்டாம், பவுடர் வேண்டாம், வெளிச்சம்கூடக் கூட்டாதே. அழுது வீங்கின முகமாக இருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும். பார்த்துவிட்டு நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், அப்பாவிடம் மட்டும் காட்டுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. கருவாட்டைத் தனியாக வை. அம்மாள் உன்னைக் கைவிடமாட்டா, நீ நல்லாயிருக்க வேண்டும், நீண்டு இருக்க வேண்டும்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிற
அம்மா,
வி. பாக்கியம்.