கடலை ஓட்டுக்குள் போன சிவப்பு

அம்மாவுக்கும் நைனாவுக்கும் கும்மிடிப்பூண்டியிலிருந்து இளமதி எழுதுறது. நைனாவுக்கு முட்டி வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். போன்ல சொன்னா பாதியிலேயே "துன்னியா"ன்னு கேப்ப, அதான் எழுதுறேன்.

எங்க சாயக் கம்பெனி லேபுக்கு வெறும் வேர்க்கடலை ஓடுதானே கேட்டேன்? பொண்ணு கடலை கேக்கக் கூச்சப்படுதுன்னு நெனச்சி, ஒரு மூட்டை முழுக்கடலையே அனுப்பிட்டியேம்மா! ஹாஸ்டல் பொண்ணுங்க சுத்தி உக்காந்து உரிச்சித் தின்னுட்டு, ஓட்டை எங்கிட்ட குடுத்தாங்க.

அதைக் கழுவிக் காயவச்சி, மூடி போட்டு உலையில வச்சிக் கரியாக்கினோம். மூடியைத் தொட்டதுல விரல்ல சின்னக் கொப்புளம், ஆறிடுச்சி. கம்பெனில சாயம் போட்டு மிச்சமான தண்ணி ரத்தமா செவந்து கெடந்தது. அப்படியே வெளிய விட்டா பக்கத்து நெல்லு வயல் என்னாகும்னு பயந்துகினு இருந்தோம். அந்தக் கரித்தூளைப் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழிச்சி வடிகட்டினேன். அம்மா, கீழ எறங்கினது கெணத்துத் தண்ணி மாதிரி தெளிவு! கிளாஸுக்குப் பின்னாடி என் கைரேகை தெரியுது. அவ்ளோ செவப்பும் எங்க போச்சி? கரி அப்படியே கறுப்பாத்தான் இருக்கு. நீ அடுப்புல போடற ஓடும்மா அது!

லேப் மேடம் இன்னும் ஓடு வேணும்ன்றாங்க. தேங்காண்ணெய் ஒரு பாட்டில் வையி. ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்குது. ஓட்டை மட்டும் அனுப்பிடாதம்மா, முழுக்கடலையாவே அனுப்பு. இங்க வந்து எட்டு மாசத்துல, கடலை உரிச்சிகினு இருந்த அன்னிக்குத்தான் எல்லாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க.

இளமதி