இடக்கைக் கத்தரி

டர்ஹம்
ஞாயிறு, 7 மார்ச் 1982

எட்னா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. பிள்ளைகள் இரண்டும் தூங்கிவிட்டன. இப்போது எழுதித் தீர்க்காவிட்டால் நாளை உன் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவேன்.

நேற்று டாம்சினை உன்னிடமிருந்து கூட்டிவந்து கவுனைக் கழற்றினேன். அதன் இடது சட்டைக்கை நுனியில் ஊக்குக் குத்திய ஓட்டைகள். என்னடி இது என்றேன். "பெரியம்மா என் கையைப் பாக்கெட்டோட சேத்துக் குத்தி வெச்சாங்க. கத்தரிய வலது கையிலதான் பிடிக்கணுமாம்" என்கிறாள். நாலு வயது! இன்று ரொட்டியைக்கூட இடது கையால் எடுக்கவில்லை. அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒட்டுப்போர்வைக்குத் துண்டுத் துணிகளைச் சுற்றித் தைக்க அச்சாக அறுகோணக் காகிதம் வெட்டப் பழக்குகிறேன் என்றாய். நம்பி அனுப்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அம்மா போனபின் என்னை வளர்த்தவள் நீ, மறக்கவில்லை. பென்சிலை வலது கைக்கு மாற்றினாய், மாறிக்கொண்டேன். கத்தரி மட்டும் மாறவில்லை. உன் கத்தரியை இடது கையில் பிடித்து நான் வெட்டிய காகிதம் ஒன்றாவது சரியாக இருந்ததா? ஓரத்தில் மயிரிழை கூடும். துணி சுற்றிச் சேர்த்துத் தைத்தால் மூலைகள் வாயைப் பிளக்கும். "இது கையா, காலா?" என்று உன் தையல் வகுப்புப் பெண்கள் முன்னால் கேட்டுச் சிரித்தாய்.

இடக்கைக்காரருக்கென்றே கத்தரி விற்கிறார்கள். ஒன்று வாங்கு. இல்லாவிட்டால் அவளை இனி அனுப்பமாட்டேன்.

ரோவெனா


ஸ்டான்ஹோப்
10 மார்ச்

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன், கேக் கருகிவிட்டது. ஊக்கைத் துணியில்தான் குத்தினேன், தோலில் இல்லை. பிள்ளை கொள்ளைக்காரியிடம் அகப்பட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். காலேஜில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

பள்ளியில் சேரும்போது அவள் மற்றப் பிள்ளைகளைப் போல இருக்க வேண்டாமா? உன்னைப் பழக்கினேன், நீ என்ன கெட்டா போய்விட்டாய்? வலது கையால்தானே என்னை இவ்வளவு திட்டி எழுதியிருக்கிறாய்!

கத்தரிக்கு ஏதடி இடமும் வலமும்? இரண்டு அலகு, இரண்டு வளையம். ஊருக்கே வெட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். குறை கத்தரியில் வராது, பிடிக்கிற கையில்தான் வரும்.

சனிக்கிழமை அனுப்பிவை. அவளுக்குப் பிடித்த சிவப்புப் புள்ளித் துணியை எடுத்து வைத்திருக்கிறேன். சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

அன்புடன்,
எட்னா


டர்ஹம்
12 மார்ச்

அக்கா,

இத்துடன் ஒரு கத்தரி. டாம்சினுக்காக வாங்கியது. காகிதத்துக்கு மட்டும், துணியை இதால் தொடக் கூடாது என்ற உன் சட்டம் எனக்கும் சட்டம்தான்.

நான் முதலில் வெட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வயதில் முதல்முறையாகப் பென்சில் கோடு என் கண்ணுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

நீயும் ஒரு சாயங்காலம் முழுக்க இதால் வெட்டிப் பார்த்துவிட்டு எழுது. அதுவரை குழந்தை வரமாட்டாள். சின்னவனுக்கு இன்னும் முளைக்கவில்லை.

ரோவெனா


ஸ்டான்ஹோப்
17 மார்ச்

அன்புள்ள ரோவெனா,

கடைக்காரன் உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான்.

நீ சொன்னபடியே சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். இது கத்தரியே இல்லை. மேல் அலகு கோட்டை மறைக்கிறது. காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்கிறது. கட்டைவிரல் கன்றிப்போயிற்று. வெட்டியதெல்லாம் ஆடு மென்று துப்பியது போல. அத்தனையையும் அடுப்பில் போட்டேன். முப்பது வருஷமாக வெட்டுகிற என் கைக்கே அடங்காத சாமான் இது!

உடனே திருப்பிக் கொடு. இதைக் கையில் கொடுத்து ஒரு குழந்தையை வெட்டச் சொல்வது பாவம்.

எட்னா


டர்ஹம்
18 மார்ச்

எட்னா அக்கா,

கடைக்காரன் ஏமாற்றவில்லை. கத்தரி நன்றாகத்தான் இருக்கிறது. அது இடது கைக்குச் செய்தது, அலகுகள் இடம் மாற்றிப் பொருத்தியவை; நீ வலது கையில் பிடித்திருக்கிறாய்.

உன் கத்தரி என் கையில் இருந்தபோதும் இதேதான் நடந்தது. கோடு மறைந்தது, காகிதம் மடங்கியது, விரல் கன்றியது. உனக்கு ஒரே சாயங்காலத்தில் கத்தரிமேல் சந்தேகம் வந்துவிட்டது. என் விஷயத்தில் அத்தனை வருஷமும் என் கையைத் தவிர வேறெதையும் நீ சந்தேகப்படவில்லை.

பாவம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்காக யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதைச் சொல்லியிருக்கலாம்.

டாம்சின் அங்கே வரமாட்டாள். நீ இங்கே வா, இந்தச் சனிக்கிழமையே. கத்தரியைக் கொண்டுவா. அவள் இடது கையால் வெட்டுவாள், நீ எதிரே உட்கார்ந்து பார். அவள் முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசாமல் இருக்க முடியாதென்றால் எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடி, நான் தடுக்கமாட்டேன்.

ரோவெனா