லேப் அக்கா பார்த்த கல்

அக்கா,

நேற்று செய்முறைத் தேர்வு. ஆய்வக அலமாரியின் பின்வரிசையில் கை விட்டபோது ஒரு பாட்டில் அகப்பட்டது. உள்ளே நீலம் கட்டிப் போய்க் கிடந்தது. மேலே ஒட்டிய சீட்டில் உங்கள் கோணல் கையெழுத்து: 'மயில்துத்தம். நாக்குல வெச்சுப் பாக்காதே. வெச்சுட்டா ஓடி வந்து என்கிட்ட சொல்லு.' வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "யாருங்க இத எழுதுனது?" என்று கேட்டார். "எங்க லேப் அக்கா" என்றேன். 

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்கு மனம் துணியவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய இடத்தில் போன ஞாயிற்றுக்கிழமைதான் சொல்லிவிட்டு வந்தேன். இனி உங்களிடமும் சொல்லலாம்.

அந்தக் கல்லைப் பற்றித்தான்.

நம் பள்ளிக்குக் கணினி அறை வந்த புதிது அது. ஒரு பெரிய தொலைநோக்கி எடுக்கும் வானத்துப் படங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, அதில் குறுங்கோள் ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லும் திட்டம் ஒன்றில் நான் பெயர் கொடுத்திருந்தேன். வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் நான்கு முறை எடுத்த படங்கள். மாற்றி மாற்றித் திரையில் ஓடவிட்டால் நட்சத்திரமெல்லாம் அப்படியே நிற்கும். குறுங்கோள் இருந்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் நகரும். பிளஸ் ஒன் பிள்ளைகள் நான்கு பேரை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தேடினோம். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். நாலரை மணிக்குச் சாவிக்கொத்தோடு நீங்கள் வந்து நிற்பீர்கள், அறையைப் பூட்ட. பூட்டுவதற்கு முன் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று ஒரு நாள் கேட்டீர்கள். சொன்னேன். மறுநாளிலிருந்து சாவியோடு நாலு மணிக்கே வந்தீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் காரிமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். நான் கைப்பையில் சாப்பாட்டு டப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கணினியை அணைக்காமல் அதன்முன் குனிந்து நின்றீர்கள்.

"டீச்சர், இங்க ஒன்னு நவுருதுங்க."

"அது கேமராவுல விழுற புள்ளிக்கா. நான் பாத்து வேணாம்னு ஒதுக்கிட்டேன்."

"நீங்க பாத்தது மேலங்க. இது கீழ, ஓரத்துல. நாலு படத்துலயும் ஒரே தெசையில போவுது பாருங்க."

எனக்கு எரிச்சல். என் பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் வந்து பார்த்தேன். தெரியவில்லை. நீங்கள் உங்கள் தலைப்பின் நுனியால் திரையைத் துடைத்துவிட்டு, சுண்டுவிரலை அதன் அருகில் வைத்துக்கொண்டீர்கள். பிறகுதான் தெரிந்தது. தூசுக்கும் கீழான ஒரு புள்ளி. நான்கு படத்திலும் சம இடைவெளி விட்டு, நூல் பிடித்தாற்போல நேராக நகர்ந்தது.

"கொல்லையில கல்லு பொறுக்கறவளுக்குக் கல்லு தெரியாதுங்களா?" என்றீர்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் ஒவ்வொரு உழவுக்கும் கொல்லை நிலம் கல்லைக் கக்கும். மழைக்கு முன் குனிந்து குனிந்து பொறுக்கி வரப்பில் குவிப்பீர்கள். அடுத்த வருடமும் அதே வேலை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்ட உங்களுக்கு எங்கிருந்து இந்தக் கண் வந்தது என்று நான் அன்று யோசிக்கவில்லை. என் பஸ் போய்விட்டது. இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தப் புள்ளியின் இடத்தை நான்கு படத்திலும் அளந்து குறித்தோம்.

திங்கட்கிழமை அறிக்கை அனுப்பவேண்டும். படிவத்தில் ஆசிரியர் பெயருக்கு ஒரு வரிசை, மாணவர்களுக்கு ஐந்து வரிசை. என் பெயரையும் நான்கு பிள்ளைகளின் பெயரையும் எழுதினேன். ஒரு வரிசை காலியாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. ஆய்வக உதவியாளர் பெயரைப் போட்டால் அது மாணவர் திட்டம்தானா என்று கேள்வி வருமோ என்று ஒரு பயம். ஒதுக்கியது நான், கண்டுபிடித்தது நீங்கள் என்று வெளியே தெரிவதில் ஒரு கூச்சம். பயத்தைவிடக் கூச்சம்தான் பெரிது. உங்களிடம் மட்டும், "அடுத்த தடவ உங்க பேரையும் போட்டுடலாம்க்கா" என்றேன்.

"என் பேரு எதுக்குங்க டீச்சர்? புள்ளைங்களுக்குப் போடுங்க, படிக்கிறதுக்கு ஆவும்."

அதோடு விட்டுவிட்டேன். அந்த அடுத்த தடவை வரவேயில்லை.

பத்து நாளில் மெயில் வந்தது. வேறொரு தொலைநோக்கியிலும் அது தெரிந்திருக்கிறது, உண்மையான குறுங்கோள்தான் என்று. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு வெளியே வந்துவிட்டது. நீங்கள் என்னைத் தனியாகப் பிடித்து, "எம்மாந்தூரத்துல இருக்குதுங்க அது?" என்று கேட்டீர்கள்.

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுலக்கா."

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல புதன்கெழமதானுங்களே இருக்கும்!"

அன்று முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாம் கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

தருமபுரியில் பாராட்டு விழா. பெண் பிள்ளைகளுக்குத் துணையாக நீங்களும் பஸ்ஸில் வந்தீர்கள். அந்த ஊதா நிறப் புடவை, காதோரம் ஒரு முழம் கனகாம்பரம். மேடையில் கேடயத்தோடு எங்களை நிறுத்திப் படம் எடுக்கும்போது, படம் பிடிப்பவர் உங்களைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க மேடம்" என்றார். நீங்கள் சட்டென்று பிள்ளைகளின் பைகளை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிவிட்டீர்கள், பை வாங்கத்தான் மேலே ஏறியதுபோல. என்னைக் காப்பாற்றிய நடிப்பு அது. நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கொல்லையில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த நீங்கள் தலை வலிக்கிறதென்று வரப்பில் உட்கார்ந்தீர்களாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தீர்கள். நினைவு திரும்பவில்லை.

அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, உங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், எங்கம்மா ஒரு கல்லக் கண்டுபுடிச்சேன்னு சொல்லும். ஆகாசத்துல. அது நெசமாங்களா?"

சுற்றிலும் ஆட்கள். நம் தலைமையாசிரியர், நம் சக ஆசிரியர்கள். அக்கா, நான் சொன்ன வார்த்தை இது: "ஆமாம்மா, உங்கம்மாவும் கூட இருந்தாங்க."

கூட இருந்தாங்க. அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். காரிமங்கலம் வரைக்கும்கூட அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

போன மாதம் ஒரு மெயில். அந்தக் குறுங்கோளின் பாதையை முழுமையாகக் கணித்துவிட்டார்கள். அதற்கு நிரந்தர எண் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். குறுங்கோள் பட்டையின் வெளிப்பக்கத்தில், வியாழனை நோக்கிய ஓரத்தில் சுற்றுகிறதாம். சூரியனை ஒரு முறை சுற்றிவர ஐந்தரை வருடம். அவ்வளவு தொலைவில் இருப்பவை பெரும்பாலும் கரிபோல் இருண்டவை. இது அப்படியில்லை, ஒளியின் நிறத்தை வைத்துப் பார்த்தால் பாறை வகை என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் அன்று சொன்னதுதான். கல்லு. நீங்கள் சுண்டுவிரலை வைத்த இடத்திலிருந்து கிளம்பி, ஒரு முழுச் சுற்றும் முடித்து, அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

மெயிலின் கடைசியில், கண்டுபிடித்தவர்கள் பெயரைச் சரிபார்த்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து மூடினேன். பெயரை மாற்றுவதென்றால் அந்த நான்கு பிள்ளைகளிடமும் கேட்கவேண்டும் என்று தோன்றியது. முதலில் கூப்பிட்டவள் இப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். போன் செய்து, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். அவள் பாதியிலேயே குறுக்கிட்டாள்.

"மிஸ், லேப் அக்காதான பாத்தாங்க? எங்களுக்கு அப்பவே தெரியும் மிஸ். அக்காவே திங்கக்கெழம காட்டுனாங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் நாங்க சும்மா இருந்தோம்."

மற்ற மூவரிடமும் கேட்டேன், அதையேதான் சொன்னார்கள். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலில் உங்கள் பெயர், பிறகு பிள்ளைகள். அந்தப் படத்தை நான் வேண்டாமென்று ஒதுக்கியதையும் எழுதி, என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். பதில் வந்துவிட்டது. உங்கள் பெயர் ஏறிவிட்டது அக்கா, இனிஷியலோடு.

அதை எடுத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் தருமபுரியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். காலி வரிசையைச் சொன்னேன். மேடையைச் சொன்னேன். வாசலில் அவளிடம் நான் சொன்ன வார்த்தையைச் சொன்னேன்.

அவள் தலையிலிருந்த முக்காட்டை எடுத்து மடித்தாள். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருக்கணும்மா."

"அம்மாவ நான் 'என்ன சயின்டிஸ்ட்டு, இன்னைக்கு எத்தன கல்லு புடிச்ச?'ன்னு கிண்டல் பண்ணுவேன். பேப்பருல போட்டோ வந்தப்ப, 'எங்க உன்னக் காணோம்'னு கேட்டேன். சாவுற வாரம்கூடக் கேட்டேன்."

"அம்மா என்ன சொல்லுவாங்க?"

"சிரிக்கும். 'போடி, டீச்சரக் கேட்டுப் பாரு'ன்னு சொல்லும்." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நானும் கேட்டேன்."

உங்களுக்கு இது தெரிந்திருக்காது அக்கா. உங்களுக்கு இருந்த ஒரே சாட்சி நான். மகளை என்னிடம் அனுப்பியது நீங்கள்.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததே சரி என்று பட்டது. "அந்தப் படம் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். மடிக்கணினியில் நான்கு படங்களையும் ஓடவிட்டேன். அவளுக்கும் முதலில் தெரியவில்லை. நான் காட்டப் போனேன். "நீங்க காட்டாதீங்க" என்று தடுத்துவிட்டுத் தானே தேடினாள். நிறைய நேரம் ஆயிற்று. திடீரென்று முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். கண்ணில் நீர் இறங்கியது. துடைக்காமல் எழுந்து பின்பக்கம் ஓடினாள்.

அங்கே உங்கள் வீட்டுக்காரர் சந்தைக்குத் தக்காளியைக் கூடைகளில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா சொன்னது நெசம்ப்பா! நான் இப்பதான் பாத்தேன், நவுருதுப்பா!"

அவர் கையிலிருந்த தக்காளியைத் திருப்பிப் பார்த்து, கூடையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நான் எப்ப இல்லன்னு சொன்னேன்?"

நான் வாசலில் நின்றபடி அதைக் கேட்டேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததேயில்லை. நீங்கள் சொன்னீர்கள், அது அவருக்குப் போதும். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றார். சாப்பிட்டேன்.

இப்போதும் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "நெசமா மிஸ்?" என்று கேட்கும். ஒளியைப் பற்றியோ ஓசையைப் பற்றியோ சின்னக் கேள்விதான். முன்பெல்லாம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஆமாம் என்பேன். இப்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன். எந்த வீட்டில், யார், டீச்சரைக் கேட்டுப் பார் என்று சொல்லி அனுப்பினார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன். பிறகுதான் பதில் சொல்கிறேன்.